ஒன்றரை மாத்திரை

எங்கள் நாய்க்குக் காலையில் ஒன்றரை மாத்திரை, சாயங்காலம் ஒன்றரை மாத்திரை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, ஒன்றரை. இந்த அளவுக்கு வந்து சேர நாங்கள் பட்ட பாட்டை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் போகாதவள். கட்டிக்கொடுத்த மகளைக் கேட்டால் எழுதித் தருவாள்தான், ஆனால் இங்கேயே பிறந்து படித்தவள், அவளுக்கு மலையாளம்தான் எழுத வரும். அதனால் தெரிந்த மட்டும் நானே எழுதுகிறேன். முருகன் கூட இருக்கட்டும்.

நாங்கள் பிழைக்க வந்தது தென்காசிப் பக்கத்திலிருந்து. இருப்பது கொச்சியில், மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் அடைத்து வைத்திருக்கும் குடோன்களுக்குப் பின்னால் ஒரு சந்தில். வீட்டுக்காரருக்குக் குடோனில் மூட்டை தூக்குகிற வேலை. நான் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுவேன். விடியும்போது பஸ்ஸில் வந்து இறங்கும் மல்லியையும் செவ்வந்தியையும் வாங்கிக் கட்டிக் கோயிலுக்கும் வீடுகளுக்கும் கொடுப்பேன்.

இந்த ஊரில் பூ வியாபாரத்துக்கு ஒரே எதிரி ஆடு. மட்டாஞ்சேரித் தெருவில் மனுஷர்களுக்குச் சமமாக ஆடு நடக்கும். கடைவாசலில் படுக்கும், ஆட்டோவுக்கு வழி விடாது, யார் விரட்டினாலும் ஏன் என்பது போல் பார்க்கும். அரளியை மட்டும் மோந்துவிட்டு விட்டுவிடும். மல்லி, செவ்வந்தி, துளசி எதையும் விடாது. ஒரு மழைக்காலத்தில் எங்கிருந்தோ வந்து என் பூக்கூடைக்கு அடியில் படுத்த கறுப்பு நாய்க்குட்டி ஒன்று, வளர்ந்து அந்த ஆடுகளிடமிருந்து என் பூவுக்குக் காவலாகிவிட்டது. குரைக்காது, கடிக்காது. ஆடு வந்தால் எழுந்து குறுக்கே நிற்கும். அவ்வளவுதான். பெண் நாய். பேர் வைக்கவில்லை, குட்டி என்றே கூப்பிட்டோம். என் கண் பூவில் இருக்கும், அதன் கண் ஆட்டில் இருக்கும். என் பிழைப்பில் பாதி அதன் காவலில்தான் ஓடியது.

அந்த ஆடுகள் எங்கள் வீட்டுச் சொந்தக்காரம்மாவுடையவை. நாங்கள் அவரை இத்தா என்று கூப்பிடுவோம். பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் குடும்பத்தில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டில் தமிழ்தான் பேசுவார், கொச்சி கலந்த தமிழ். கணவர் இல்லை, பிள்ளைகள் கல்ஃபில். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு ஒரு மதில். இத்தா நாயைத் தொடமாட்டார். அது பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டும். ஆனால் மத்தியானம் மீன் கழுவியதும் தலையும் வாலும் மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து விழும்.

"தொடத்தான் கூடாது. பசியாத்தக் கூடாதுன்னு எங்கேயும் சொல்லல, கேட்டோ" என்பார்.

என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர். மகரவிளக்குக்குத்தான் மலைக்குப் போவார், அதனால் எங்கள் வீட்டு விரதம் நீளமானது. அத்தனை நாளும் மீன் வாசம் வாசலுக்குள் வராது. அவர் ஒரு வேளை சோறு, இரண்டு வேளைக் குளியல், பாய் இல்லாத தரை. சாயங்காலம் வழக்கமாகப் போய் உட்காரும் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். அந்த நாட்களில் நான் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன். அவரும் எல்லோரையும் சாமி என்பார். நாயையும்.

மாலை போட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு காலை நான் பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது குட்டி எழுந்து என்னைப் பார்த்தது. யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தது. அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. கால் நான்கும் காற்றில் ஓடின. வாயில் நுரை, கண் மேலே செருகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து அதன் பாதத்துக்கு அடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று கத்தினேன்.

தெருவில் போன யாரோ "பேப்பட்டி! பேப்பட்டி!" என்று கூவிவிட்டார்கள். வெறிநாய்க்கு இங்கே அப்படிச் சொல்வார்கள். உடனே நாலு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை, நாய்க்கடி பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அப்போது இத்தா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒருத்தனும் கம்பெடுக்கண்டா! பேயுமில்ல, வெறியுமில்ல. என் வாப்பாக்கு இருந்த நோவு இது. வலிப்பு. மாறி நில்லுங்க, காத்து வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் குட்டி எழுந்தது. சுவரில் முட்டிக்கொண்டு நடந்தது. என் கையை மோந்து, அடையாளம் கண்டு, மடியில் தலை வைத்தது. கூட்டம் கலைந்த பிறகு இத்தா மதிலருகே வந்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"இன்னைக்கு நான் இருந்தேன். நான் இல்லாத நேரம் இது தெருவுல விழுந்தா அடிச்சுக் கொன்னுருவாங்க. ஜனவரில கல்ஃபுலேருந்து பேரப்பிள்ளைங்க வருது. அதுங்க முன்னாடி இப்படி விழுந்தா நான் என்ன செய்ய? மருந்து குடு, பாரு. கேக்கலேன்னா கும்பளங்கில என் தம்பியோட மீன் பண்ணை இருக்கு. அங்க கட்டிப் போட்டுரலாம். சோறு கிடைக்கும்."

நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் அந்தப் பண்ணையை நான் பார்த்திருக்கிறேன். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒற்றை வரப்பு. வலிப்பு வந்து அந்தத் தண்ணீருக்குள் விழுந்தால் தூக்க ஆள் வருவதற்குள் முடிந்துவிடும். சங்கிலி இருந்தாலும் முடிந்துவிடும். பேரப்பிள்ளைகள் வருவதற்குள் இந்த நோவு அடங்க வேண்டும், இல்லையென்றால் குட்டி இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் குட்டியை ஒரு சாக்கில் சுருட்டி வைத்து, பள்ளுருத்தி போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். சாவிக்கொத்து விஷயத்தையும் சொன்னேன். சிரிக்கவில்லை.

"சாவி வேண்டாம் சேச்சி. வாய்ப் பக்கமும் கை கொண்டு போகண்டா. தலை எங்கேயும் இடிக்காம பாத்துக்கிட்டா போதும். இதுக்கு மருந்து உண்டு. பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம்."

ஊசி போட்டார். மாத்திரை எழுத எடை தெரிய வேண்டும் என்றார். அங்கிருந்த பழைய எடை மிஷின் கெட்டுப் போய்ப் புதியது வரவில்லை. "இந்த மருந்து கண்ணளவுக்கு எழுத முடியாது. குறைஞ்சா கேக்காது, கூடினா எழுந்து நிக்காது. எங்கேயாவது எடை போட்டுட்டு இன்னைக்கே வந்து சொல்லுங்க."

"எடைக்கா பஞ்சம்?" என்றார் என் வீட்டுக்காரர். "எங்க குடோன்ல தராசு இருக்கு."

அதன் பிறகு நடந்தது அவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னை வீட்டில் இறக்கிவிட்டு, குட்டியைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வழியில் மாலை போட்ட இன்னொரு சாமி கேட்டாராம்: "என்ன சாமி, இருமுடி தூக்க இப்பவே பழகுறீங்களா? முடி வாலாட்டுதே!"

குடோனில் மூட்டை நிறுக்கும் பலகைத் தராசு தரையோடு தரையாக இருக்கும். இறக்கி நிற்க வைத்தால் குட்டி நடுங்கிக்கொண்டு கீழே குதித்துவிடுகிறது. அதனால் அதைத் தூக்கிக்கொண்டு அவரே ஏறி நின்றார். எடை போடுகிற சேட்டன் எட்டிப் பார்த்து, "சாமியே, இது எந்தச் சரக்கு? கறுப்பா இருக்கே, மிளகா?" என்றாராம்.

"நாய், சேட்டா."

"ஈரம் உண்டோ? ஈரத்துக்குக் கழிக்கணும்."

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். தராசு எழுபத்தொன்பது காட்டியது. பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இறங்குங்க, இறங்குங்க என்றார்கள், இறங்கிவிட்டார். "சாமி எத்தனை?" என்று சேட்டன் கேட்க, "அறுபத்தெட்டு, ஓணத்துக்கு முன்னால மெடிக்கல் கேம்புல பாத்தது" என்று இவர் சொல்ல, "அப்போ பட்டி பதினொண்ணு" என்று கணக்கு முடிந்தது.

குடோனில் எல்லாமே அப்படித்தான். மூட்டையை நிறுத்துவிட்டுச் சாக்கை யாரும் தனியாக நிறுத்துப் பார்ப்பதில்லை. சாக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். மொத்தத்தில் அதைக் கழித்துச் சொல்லிவிடுவார்கள். நாயைக் கொண்டுவந்த சாக்கு அன்றைக்கு இவர்.

பதினொன்று என்றதும் டாக்டர் கொஞ்சம் யோசித்தாராம். "கூட இருக்கும்னு தோணிச்சு. சுருண்டு கிடந்ததால தெரியல போல. சரி, நிறுத்துப் பாத்ததுதானே." காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். நேரம் தவறக் கூடாது, நீங்களாகக் கூட்டக் கூடாது, நீங்களாக நிறுத்தவே கூடாது என்று மூன்று தடவை சொல்லியனுப்பினார்.

மாத்திரை வந்தது. கொடுப்பது எப்படி? எங்கள் வீட்டில் விரதச் சாப்பாடு. வாழைப்பழத்துக்குள் வைத்தேன். பழம் உள்ளே போனது, மாத்திரை துடைத்து வைத்தது போலத் தரையில் கிடந்தது. தயிர்சாதத்தில் உருட்டினேன். சாதம் போனது, மாத்திரை வந்தது. பஞ்சாமிர்தத்தில் வைத்தேன். அதை நக்கவே அதற்கு நேரம் போதவில்லை. மாத்திரை மட்டும் என் கால் பக்கம் வந்து விழுந்தது.

வீட்டுக்காரர் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கும்பிட்டார். "சாமி, கருணை காட்டுங்க சாமி. முழுங்குங்க சாமி."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இத்தாவின் சிரிப்பு கேட்டது. "எடீ, இந்த ஊரு நாய்க்குப் பஞ்சாமிர்தமா குடுக்கிற? அது கொச்சிக்காரி. மீன் இல்லாம வாய் திறக்குமா?"

"விரதம் இத்தா. மீன் உள்ள வரக்கூடாது."

"உள்ள யாரு கொண்டு வரச் சொன்னா? மாத்திரைய இங்க குடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. மீன் என் வீட்டு வாசல் தாண்டக் கூடாது, நாய் அவர் கையில் படக் கூடாது. அதனால் மதில்தான் எங்கள் ஆஸ்பத்திரி. நான் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். இத்தா பார்த்து எண்ணுவார். அவர் ஒரு கரண்டியில் வாங்கி, வேகவைத்த மத்தி மீனில் முள் எடுத்து, சதைக்கு நடுவில் வைத்து மூடி, வாழையிலைத் துண்டில் மதில்மேல் வைப்பார். இலையோடு எடுத்து முற்றத்தில் குட்டிக்கு முன்னால் வைப்பேன். ஒரே வாய்தான். விழுங்கியதா என்று தாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நான் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்குப் பக்கம் போவேன். காலையும் மாலையும் இந்தக் குளியல் எனக்கு. ஐயப்பன் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார் என்று நம்புகிறேன். அட்டை என்னிடம் மட்டுமே இருக்கும். நான் கொடுத்துவிட்டேனோ, அவர் கொடுத்துவிட்டாரோ என்ற குழப்பமே வரக் கூடாது என்று இத்தாதான் அப்படி வைத்தார். அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அந்தக் குழப்பம் அவருக்குத் தெரியும்.

முதல் கொஞ்ச நாள் குட்டி தூங்கி வழிந்தது. பின்னங்கால் தள்ளாடியது. ஆடுகளுக்குக் கொண்டாட்டம். ஒரு நாள் கோயிலுக்குக் கட்டி வைத்த முழு மாலையையும் இத்தாவின் வெள்ளாடு தின்று தீர்த்தது, குட்டி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது. டாக்டர் இப்படி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். பிறகு தெளிந்தது. பசி எடுத்தது, தண்ணீர் குடம் குடமாகக் குடித்தது, ஆட்டுக்குக் குறுக்கே நின்றது. நான் தினமும் ஒரு முழம் மல்லி கூடுதலாகச் சாமிக்குப் போட்டேன்.

மார்கழி பிறந்த சமயம், வெள்ளிக்கிழமை மத்தியானம், பள்ளிவாசலில் ஜும்மா முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய நேரம். முற்றத்தில் படுத்திருந்த குட்டி விறைத்தது. மறுபடியும் அதே ஓட்டம், அதே நுரை. முன்னைவிட நீளமாக இருந்தது போல எனக்குப் பட்டது. சாவியைத் தேடவில்லை. பூக்கூடைத் துணியைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்லவேளை, கதவு சாத்தியிருந்தது, தெரு பார்க்கவில்லை. ஆனால் இத்தா தன் அடுக்களைப் படியில் நின்று முழுவதும் பார்த்தார்.

குட்டி எழுந்து தள்ளாடி நடந்த பிறகுதான் சொன்னார். "தம்பிக்குப் போன் போடறேன். சங்கிலி ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இத்தா, நீங்கதானே கையால குடுத்தீங்க. ஒரு வேளை தவறலையே."

"அதனாலதான் எனக்கும் நெஞ்சு வலிக்குது. குடுத்தும் கேக்கலேன்னா என்ன செய்ய? பிள்ளைங்க வர நாள் ஆச்சு."

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மாத்திரை நேரம் வந்ததும், "இன்னைக்கு ரெண்டாப் போடு" என்றார். "ஒண்ணு கேக்கல, ரெண்டு கேக்கும். வேண்டுதல்னா ரெண்டு தேங்காய் உடைக்கிறதில்லையா?"

சொல்லக் கூடாது, எனக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து மதில்மேல் நீட்டினேன். இத்தா கரண்டியை நீட்டாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது எந்தா?"

"சாமிதான் சொன்னாரு…"

"உன் சாமி டாக்டருக்குப் படிச்சதா? மருந்து என்ன பிரியாணியா, ஆசைக்கு ஒரு கரண்டி கூட வைக்க? அன்னைக்கு அந்தப் பொண்ணு மூணு தடவ சொல்லி விட்டான்னு நீதானே சொன்ன?" ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல கிளம்பு. நானும் வர்றேன். இந்த நாய் குணமாகுமா ஆகாதான்னு என் காதால கேக்கணும். ஆகும்னா இருக்கட்டும். ஆகாதுன்னா அப்படியே ஆட்டோவைக் கும்பளங்கிக்குத் திருப்பலாம்."

மறுநாள் ஆட்டோவில் நாங்கள் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஓட்டுநர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து கறுப்பு வேட்டியில் இவர். பின்னால் என் காலடியில் குட்டி. மறு ஓரத்தில் இத்தா, காலை சீட்டுக்கு மேல் மடக்கி, துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு, "வாலப் பிடி, வாலப் பிடி, என்மேல படுது" என்று வழி முழுக்க. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்பதிலேயே உயிர் இருந்தது. கந்தர் சஷ்டியை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன், பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினேன்.

கிளினிக்கில் புது எடை மிஷின் வந்திருந்தது. டாக்டர் குட்டியை அதில் ஏற்றி, முகத்தைத் தடவி அசையாமல் நிற்க வைத்தார். எண்ணைப் பார்த்தார். எங்கள் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

"பதினாறு."

சீட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"போன தடவ பதினொண்ணு. ஒரு மாசம் கூட ஆகல. சேச்சி, இந்த மருந்துக்குப் பசி கூடும், வண்ணம் வைக்கும், உடம்பு தடிக்கும். ஆனா அஞ்சு கிலோவா?"

எல்லோரும் இத்தாவைப் பார்த்தோம். இத்தா முக்காட்டைச் சரிசெய்தார். "என்னைப் பாக்கண்டா. காலைல ஒரு மத்தி, சாயங்காலம் ஒரு மத்தி. திமிங்கிலம் ஒண்ணும் குடுக்கல."

டாக்டர் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "சேட்டா, அன்னைக்கு எப்படி எடை போட்டீங்க?"

இவர் பெருமையாகத்தான் சொன்னார். தூக்கிக்கொண்டு ஏறியது, எழுபத்தொன்பது, தன் எடையைக் கழித்தது.

"உங்க எடையை அப்பவே தனியாப் போட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு டாக்டர்? என் எடை எனக்குத் தெரியாதா? அறுபத்தெட்டு."

"இதுல ஏறுங்க."

செருப்பில்லாத காலோடு ஏறினார். நாய் ஏறிய மிஷினில் மாலை போட்ட சாமி நின்றதை நினைத்து எனக்கு மனசுக்குள் ஒரு உறுத்தல், அதற்குள் எண் வந்துவிட்டது. அறுபத்து மூன்று. இறங்கி மறுபடி ஏறினார். அதே அறுபத்து மூன்று.

"அந்த அஞ்சு கிலோ இங்க இருக்கு" என்றார் டாக்டர். "நாய்க்கு எடை கூடல சேட்டா. உங்களுக்குக் குறைஞ்சது. விரதம், ஒரு நேரச் சோறு, மூட்டை வேலை. இல்லாத அஞ்சு கிலோவை நீங்க கழிச்சுட்டீங்க. பதினொரு கிலோ நாய்க்கு எழுதின மருந்தைப் பதினாறு கிலோ நாய் தின்னுட்டு இருந்தது. அதான் பாதி அடங்கிச்சு, பாதி அடங்கல."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் மூட்டை நிறுப்பதைப் பார்த்தவர். "சாக்கு இளைக்காதே டாக்டர்" என்றார் மெதுவாக. "அந்த நினைப்புலயே இருந்துட்டேன்."

முதலில் சிரித்தது இத்தாதான். வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யா அல்லா, இவன் விரதம் இருந்தான், நாய்க்கு மருந்து இளைச்சிருச்சு!" டாக்டரும் சிரித்தார், நானும் சிரித்தேன், அழுதேன், எது என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் தன்மேலும் பழி போட்டுக்கொண்டார். "எனக்கு அன்னைக்கே சந்தேகம் தோணிச்சு, நாயைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லியிருக்கணும்" என்றார். பெரிய மனசு.

ரத்தம் எடுத்து அனுப்பினார். ஒன்றரை மாத்திரை, இரண்டு வேளை என்று புதிதாக எழுதினார். "நேத்து சாயங்காலம் ரெண்டு குடுத்திருந்தா?" என்று கேட்டேன், மனசு கேட்காமல். "ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது சேச்சி. தினமும் குடுத்திருந்தா தூங்கிட்டே இருக்கும், பின்னால ஈரலையும் கெடுக்கும். இந்த மருந்துக்கு அளவுதான் எல்லாம்." நான் இத்தாவைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"குணமாகுமா?" என்று கேட்டார் இத்தா, கேட்க வந்ததை.

"முழுசாப் போகும்னு சத்தியம் பண்ணமாட்டேன் உம்மா. ஆனா அளவு சரியா இருந்தா அடங்கும். மருந்து ஆயுசு முழுக்க வேணும்."

ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்டார். இத்தா வாலுக்குப் பயந்து காலைத் தூக்கிக்கொண்டே, "மட்டாஞ்சேரி" என்றார்.

அரை மாத்திரை செய்வது ஒரு வித்தை. நடுவில் கோடு இருந்தாலும் கையால் ஒடித்தால் ஒரு பாதி பெரிசாகும், ஒரு பாதி தூளாகும். வீட்டுக்காரர் பாக்குவெட்டியைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு, கோட்டில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவார். இரண்டு பாதியும் ஒன்றுபோல விழும். தன் பிழைக்குப் பிராயச்சித்தம் போல அந்த வேலையை வேறு யாருக்கும் தரவில்லை. மலைக்குப் போகும் முன்னால், தான் திரும்பி வரும் வரைக்கும் வேண்டியதை வெட்டி, காலியான குங்குமச் சிமிழில் போட்டு வைத்துவிட்டுத்தான் இருமுடி கட்டினார்.

ஐயப்பன் புண்ணியம், அவர் போய் நல்லபடியாக வந்தார். குட்டி விழவில்லை. ரத்தத்தில் மருந்து சரியான அளவில் இருப்பதாக டாக்டர் போனில் சொன்னார்.

மாலை கழற்றிய மறுநாள் வீட்டுக்கு மீன் வாங்கினோம். நான் மதிலருகே போய், "இத்தா, இனி மீன் எங்க வீட்லயே இருக்கு. உங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே குடுத்துக்கிறேன்" என்றேன்.

"உனக்கு முள்ளெடுக்கத் தெரியுமா? போன பெருநாளைக்கு நீ குடுத்து விட்ட மீன் குழம்புல என் தொண்டையே போச்சு. வாயில்லா ஜீவன், முள்ளு மாட்டினா யார்கிட்ட சொல்லும்? மாத்திரையக் கொண்டா."

பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிய அன்று அவர்கள் இரண்டு பேரும் இத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு மதிலுக்கு இந்தப் பக்கம் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து கும்பளங்கித் தம்பியின் போன். ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு இத்தா முள் எடுத்துக்கொண்டிருந்தார். சங்கிலி வாங்கி எத்தனை நாளாகக் கிடக்கிறது, நாயை எப்போது கொண்டு வருகிறீர்கள் என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"நாயா?" என்றார் இத்தா. "நேரா நேரத்துக்கு மருந்து திங்கிற நாயை உன்கிட்ட விட்டா நீ பாப்பியா? உனக்கு உன் மாத்திரையே ஞாபகம் இருக்காது. சங்கிலிய உன் பசுவுக்குப் போடு. வை போனை, கையெல்லாம் மீனு."

நான் உள்ளே போய் விளக்கேற்றினேன். முருகனுக்கு நன்றி, ஐயப்பனுக்கு நன்றி, இத்தாவின் அல்லாவுக்கும் நன்றி. அந்த டாக்டர் பெண் நூறு வயசு இருக்கட்டும். கேட்டதும் கோபப்படாமல் மிஷினில் இரண்டு தடவை ஏறிய என் வீட்டுக்காரருக்கும் நன்றி சொன்னேன், அவர் காதில் விழாமல்.

அதன் பிறகு வலிப்பே வரவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். இடி மழை நாளில் ஒரு தடவை வந்தது, சின்னதாக, சட்டென்று போய்விட்டது. டாக்டரிடம் சொன்னோம், எடை பார்த்தார், அளவு மாற்ற வேண்டாம் என்றார். இப்போது எடை பார்க்கப் போகும்போது குட்டி தானே ஏறி நிற்கிறது. என் வீட்டுக்காரர் மட்டும் அந்த மிஷின் பக்கம் வருவதில்லை.

இன்று காலை கொடுத்தாயிற்று. சாயங்கால மத்தியை இத்தா கழுவிக்கொண்டிருக்கிறார், சத்தம் கேட்கிறது. எழுந்து சிமிழை எடுக்க வேண்டும்.